எம்35ஏ2 ராணுவ டீசல் லாரியை வீட்டில் சரிசெய்வது: முதலில் நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரியை ஏலத்தில் எடுத்து, வீட்டு வளாகத்திலேயே சரிசெய்து ஓட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இது 2½ டன் சரக்கு ஏற்றும் ரகம், ஆறு சக்கரமும் இழுக்கும் வண்டி. உள்ளே எல்.டி.டி.-465 என்ற 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ வைத்த மல்டிஃபியூயல் இன்ஜின், அதாவது டீசல் தவிர வேறு எரிபொருளிலும் ஓடக்கூடியது.

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். வண்டி இறங்கிய அன்றே பேட்டரி மாட்டி இன்ஜினை ஓடவிடுகிறார்கள். மறுநாள் தெருவைச் சுற்றி வருகிறார்கள். அடுத்த வாரம் பெரிய டயர் தேடுகிறார்கள். பிரேக்கைத் திறந்து பார்ப்பது கடைசியில்தான். அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். இந்த வண்டியில் இன்ஜின்தான் இருப்பதிலேயே நம்பகமான பாகம். பிரேக்கை அப்படி நம்ப முடியாது.

1. ஏலத்துக்கு முன்: தாளும் தரையும்

விற்பனை விவரத்தில் எஸ்.எஃப்.-97 என்ற அரசுச் சான்று கிடைக்குமா என்று பாருங்கள். அதை வைத்துத்தான் உங்கள் பெயரில் உரிமைப் பத்திரம் வாங்க முடியும். சாலைக்கு வெளியே மட்டும் ஓட்டலாம் என்ற நிபந்தனையோடு விற்கப்படும் வண்டிகளும் உண்டு. முன்னாள் ராணுவ வண்டிகளைப் பதிவு செய்வதில் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஏலம் கேட்கும் முன்பே உங்கள் மாநில வாகனத் துறையிடம் கேட்டுவிடுங்கள், பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

அடுத்தது இடம். காலி வண்டியே ஏறத்தாழ 6 டன் எடை. மண் தரையிலோ புல்லிலோ ஜாக்கி வைத்தால் அது மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். கான்கிரீட் தளம் இல்லையென்றால், கனமான மரப்பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன்மேல் ஸ்டாண்டு வையுங்கள். சரிவான இடம் வேண்டவே வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

கருவிகளுக்கு முன்னால் கையேடுகள். ராணுவத்தின் தொழில்நுட்பக் கையேடுகளில் (டி.எம்.) டி.எம். 9-2320-361-10 ஓட்டுநருக்கானது, -20 பராமரிப்புக்கானது, -34 ஆழமான பழுதுகளுக்கானது. பாகப் பட்டியலுக்கு -20பி இருக்கிறது. எல்லாம் அரசு ஆவணங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். -10-ஐ முழுதும் படித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும் என்பேன். எந்த லீவர் என்ன செய்யும் என்று தெரியாமல் ஒரு பழுதைக் கண்டுபிடிக்க முடியாது.

கருவிகளில் சாதாரண கார் வேலைக்கு இல்லாதவை சில உண்டு. பின்சக்கர வெளிநட்டுக்கு 1½ அங்குல சாக்கெட், உள்நட்டுக்கு 13/16 அங்குலச் சதுர சாக்கெட், ஹப்பைக் கழற்ற பேரிங் நட்டுக்கான பெரிய சாக்கெட், நீளமான குழாய் செருகிய கைப்பிடி. வண்டியின் எடைக்குத் தக்க ஸ்டாண்டுகள் குறைந்தது நான்கு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகாதீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசை மரை கொண்டவை. போல்ட்டின் முனையில் 'எல்' என்ற எழுத்து இருக்கும். இது தெரியாமல் நீளக் குழாயைப் போட்டு எல்லோரையும் போல இடதுபுறம் திருப்பி, இன்னும் இறுக்கி, போல்ட்டையே முறித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. பேட்டரி மாட்டுவதற்கு முன்

முதலில் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயைப் பாருங்கள். மேலே மூடி இல்லாமல் வண்டி மாதக்கணக்கில் மழையில் நின்றிருந்தால், தண்ணீர் டர்போ வழியாகச் சிலிண்டர்வரை இறங்கியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் பிஸ்டன் தண்ணீரை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். குழாயை டர்போ பக்கம் கழற்றிப் பாருங்கள். ஈரமோ துருவோ தெரிந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, இன்ஜினைக் கையால் நெம்பி இரண்டு சுற்று சுற்றிய பிறகே மேற்கொண்டு போகலாம்.

இரண்டாவது, இன்ஜினை நிறுத்தும் கேபிள். டேஷ்போர்டில் இழுக்கும் கைப்பிடியாக இருக்கும். சுவிட்சை அணைத்தால் இந்த இன்ஜின் நிற்காது. கேபிளை இழுத்து பம்பில் டீசலை அடைத்தால்தான் நிற்கும். கேபிள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம், பம்பில் உள்ள லீவர் அசையாமல் இருக்கலாம். ஒருவர் கேபினில் இழுக்க, இன்னொருவர் பம்பு அருகே நின்று லீவர் முழுதாக நகர்ந்து திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இன்ஜின் ஆயிலின் அளவு குறியைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் பம்பு வழியாக டீசல் ஆயிலில் கலக்கிறது. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். இரண்டிலும் காரணம் தெரியும்வரை ஓட்டக் கூடாது.

4. பிரேக்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எம்35ஏ2-வின் பிரேக், ஆயிலால் இயங்குவது. காற்று அதற்கு உதவி செய்கிறது, அவ்வளவுதான். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஏர்பேக் (Air-Pak) என்ற பூஸ்டர் காற்றழுத்தத்தால் அந்த விசையைப் பெருக்கி ஆறு சக்கரத்துக்கும் அனுப்பும். ஆறுக்கும் ஒரே ஆயில் பாதை. எங்காவது ஒரு குழாய் வெடித்தாலோ, ஒரு வீல் சிலிண்டர் பிய்த்துக்கொண்டாலோ ஆறு பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும். பெரிய லாரிகளில் காற்று போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் இருக்குமே, அது இதில் கிடையாது. ஹேண்ட் பிரேக், டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் ஒரு டிரம். நிறுத்தி வைக்க மட்டும் உதவும், அதுவும் பின்சீலிலிருந்து ஆயில் ஒழுகி லைனிங் ஊறிப்போகாத வரை.

என் வண்டியிலேயே இதை அனுபவித்தேன். கொல்லைப்புறத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தபோது பின் ஆக்சில் மேல் ஓடும் இரும்புக் குழாய் துருத் துளையில் கிழிந்தது. மிதி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை போனது. லோ ரேஞ்சில் (டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான நிலை) முதல் கியரில் இருந்ததால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது, கேபிளை இழுத்ததும் நின்றது. முந்தின நாள்தான் அதே மிதியை அழுத்திப் பார்த்து "கல் மாதிரி இருக்கிறது, பிரேக் சரி" என்று முடிவு செய்திருந்தேன். நிற்கும் வண்டியில் மிதி கெட்டியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. அதனால் எல்லாவற்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

வேலையின் வரிசை இது. முதலில் தூக்காத சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் ஷாஃப்ட் வழியாகப் பிடிப்பதால், சக்கரத்தைத் தூக்கும்போதோ ஆக்சில் ஷாஃப்டை உருவும்போதோ அதன் பிடிமானம் குறைந்துவிடும். கட்டை இல்லாமல் ஹேண்ட் பிரேக்கை நம்பித் தூக்குவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே சக்கரம். சக்கரத்தைக் கழற்றி, ஆக்சில் ஷாஃப்டை உருவி, பேரிங் நட்டுகளை எடுத்து, ஹப்பையும் டிரம்மையும் சேர்த்தே வெளியே இழுக்க வேண்டும். இதைத் தனி ஆளாகத் தூக்கிப் பார்க்காதீர்கள். தட்டையான பலகையில் கிரீஸ் தடவி அதன்மேல் சறுக்கி எடுத்தால் பேரிங்கும் சீலும் அடிபடாது. எதிர்ப்பக்கச் சக்கரத்தைத் திறக்காமல் வைத்தால், ஸ்பிரிங் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி இருக்கும்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியை மூட்டை கட்டிவிடுங்கள்.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் மாற்ற வேண்டும். ஒன்று ஒழுகினால் ஆறையும் மாற்றுவேன், ஏனென்றால் மற்றவையும் ஏறத்தாழ அதே வயதுதான். லைனிங்கில் கிரீஸோ கியர் ஆயிலோ பட்டிருந்தால் உள்சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீலை மாற்றாமல் புது ஷூ போட்டால் சில வாரத்தில் அதுவும் ஊறிவிடும்.

சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் ரப்பர் ஹோஸ்களைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே உரிந்து அடைத்துக்கொள்ளும், அப்போது பிரேக் பிடித்தபின் விடாது. இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு-நிக்கல் குழாய் போட்டால் துருப்பிடிக்காது, வளைப்பதும் சுலபம். முனைகளை இரட்டை ஃபிளேர் செய்யுங்கள், அதாவது விளிம்பை இரண்டு மடிப்பாக விரியுங்கள். இடையில் ஒட்டுப்போட நசுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் இணைப்புகள் பிரேக்குக்கு ஆகாது.

பிரேக் ஆயில் விஷயத்தில் குழம்பாதவர் குறைவு. ராணுவம் 1980-களில் சிலிகான் ஆயிலுக்கு, அதாவது டாட் 5-க்கு மாறியது. உங்கள் வண்டியில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 அதோடு கலக்காது, கலந்து ஊற்றவும் கூடாது. டாட் 5.1 என்று ஒன்று விற்கிறார்கள், பெயர் ஒத்திருந்தாலும் அது சிலிகான் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக மாட்டும் இந்தத் தருணம்தான் ஏதாவது ஒன்றை முடிவு செய்ய நல்ல நேரம். நான் சிலிகானிலேயே இருக்கிறேன். அது ஈரத்தை இழுக்காது, வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும் வண்டிக்கு அது பெரிய வரம்.

ஏர் எடுக்கும்போது, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, ஏர்பேக்கில் தொடங்கி, பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவான சக்கரத்துக்குப் போய், அருகில் வந்து முடியுங்கள். சிலிகான் ஆயிலில் குமிழி சுலபமாகச் சிக்கும். புட்டியைக் குலுக்காமல் மெதுவாக ஊற்றி, ஓர் இரவு விட்டு, மறுநாள் மறுபடி எடுங்கள்.

புது ஷூ போட்டால் மேலே உள்ள கேம்களைத் திருப்புவது மட்டும் போதாது. கீழே ஷூவைத் தாங்கும் ஆங்கர் பின்களையும் கையேட்டில் உள்ள இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். இதை விட்டால் ஷூவின் ஒரு முனை மட்டும் டிரம்மைத் தொடும். மிதி நன்றாக இருக்கும், வண்டி நிற்காது.

5. சக்கரத்தைத் திரும்ப மாட்டுவது

பின்னால் இரட்டைச் சக்கரம். உள்சக்கரத்தைப் பிடிப்பது உள்நட்டு, அதன் மேலேயே ஏறும் வெளிநட்டு வெளிச்சக்கரத்தைப் பிடிக்கிறது. வெளிநட்டு இறுக்கமாக இருக்கும்போது உள்நட்டை இறுக்க முடியாது. ஆகவே மறு இறுக்கத்தின்போது வெளிநட்டைத் தளர்த்தி, உள்நட்டை இறுக்கி, மறுபடி வெளிநட்டை இறுக்க வேண்டும். வெளிநட்டை மட்டும் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்தால் உள்சக்கரம் ஆடி ஆடித் துளையை நீள்வட்டமாக்கிவிடும்.

டயரைக் கழற்றி மாட்டும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். இந்தச் சக்கரங்களில் டயரைப் பிடிப்பது ஒரு பூட்டு வளையம். சரியாக அமராமல் காற்றடித்தால் அது பீரங்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் லாரி டயர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

6. டீசல் பாதை

50 கேலன் டேங்க் வலப்பக்கம் இருக்கிறது. அதற்குள் 24 வோல்ட் மின்பம்பு. சுவிட்சைப் போட்டதும் மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஒயரைப் பாருங்கள், பிறகு பம்பை. அந்தப் பம்பைக் கழற்றும் துளை வழியாகவே டேங்கின் உள்ளே விளக்கடித்துப் பார்க்கலாம். கறுப்பு வழவழப்பு தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவுங்கள். ஃபில்டரை மட்டும் மாற்றினால் அது மறுபடி அடைக்கும்.

ஃபில்டர்கள் மூன்று: பிரைமரி, செகண்டரி, ஃபைனல். மூன்றையும் மாற்றி, மின்பம்பை ஓடவிட்டு, குமிழியில்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுங்கள்.

மல்டிஃபியூயல் என்பதால் பழைய ஆயில், சமையல் எண்ணெய் என்று கிடைத்ததை ஊற்றும் ஆசை வரும். முதல் ஒரு வருடம் சுத்தமான டீசல் மட்டும் ஊற்றுங்கள். புகையோ திணறலோ வந்தால் காரணம் பம்பா, இன்ஜெக்டரா, ஊற்றியதா என்ற கேள்வியில் ஒன்றாவது குறையும்.

7. மின்சாரம்

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட். கார் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். ரேடியோ, சார்ஜர் இவற்றுக்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுப்பதும் தவறு. ஒன்று காலியாகிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகி இரண்டும் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு ஒயரிலும் எண் பொறித்த சிறு உலோகப் பட்டை இருக்கும். அதை வெட்டி எறியாதீர்கள், கையேட்டின் வரைபடத்துக்கு அதுதான் சாவி. விளக்கு எரியாவிட்டால் பத்தில் எட்டு முறை காரணம் பூமி இணைப்பின் துருதான். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே வேலை முடியும்.

8. முதல் ஸ்டார்ட்

இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகுதான். ஏறத்தாழ 20 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் குடுவைகளின் பழைய ரப்பர் வளையம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கிளறி எடுக்காமல் புதியதை அதன்மேல் வைத்தால் ஸ்டார்ட் ஆன நிமிடத்தில் ஆயில் பீய்ச்சும்.

நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடித்தபடி விட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஆயில் பிரஷர் முள் அசைந்த பிறகே கேபிளை விட வேண்டும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்ச்சேர இதுதான் வழி.

டர்போவுக்குப் போகும் காற்று ஹோஸைக் கழற்றி வைத்து, வாயை மூடும் அளவுக்குத் தடித்த பலகையோடு ஒருவர் அருகில் நிற்கட்டும். பம்பு சிக்கி இன்ஜின் தன்பாட்டுக்கு வேகமெடுத்தால் கேபிள் உதவாது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கக் கூடாது. குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஈதர் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. இந்த இன்ஜினின் மேனிஃபோல்டில் தீச்சுடரால் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் இருக்கிறது. அதோடு ஈதர் சேர்ந்தால் வெடிக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் காற்றழுத்தம் ஏறுவதைப் பாருங்கள். 60 பி.எஸ்.ஐ.க்குக் கீழே பஸ்ஸர் கத்தும், 90-ஐத் தாண்டியதும் பிரேக்கை முழு அழுத்தத்தில் பத்து முறை மிதித்து, இறங்கி எல்லா இணைப்புகளையும் பாருங்கள். புதுக் குழாய்க்கு உண்மையான சோதனை இப்போதுதான் நடக்கிறது.

9. கியர் ஆயிலும் முதல் நகர்வும்

கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், மூன்று ஆக்சில்கள் எல்லாவற்றிலும் ஆயிலை வடித்துப் பாருங்கள். ஆற்றைக் கடக்க வடிவமைத்த வண்டி, உள்ளே தண்ணீர் இருப்பது சகஜம். ஆக்சில்மேல் உள்ள மூச்சுத்துளை அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் கூடி, நீங்கள் பாடுபட்டு மாற்றிய சீல் வழியே ஆயில் வெளியேறும்.

முதல் ஓட்டம் சமதளத்தில், லோ ரேஞ்சில், நடக்கும் வேகத்தில். நகர்ந்ததும் பிரேக், மறுபடி நகர்ந்து பிரேக். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஷூ இழுக்கிறது அல்லது பேரிங் இறுக்கம். சாலைக்கு வந்தபின், இறக்கத்தில் கியரைக் குறைக்கும்போது இன்ஜின் 2600 சுற்றைத் தாண்டவிடாதீர்கள். இந்த இன்ஜின்கள் மேட்டில் இழுத்துச் சாவதில்லை, இறக்கத்தில் தள்ளப்பட்டுத்தான் கனெக்டிங் ராடை முறித்துக்கொள்கின்றன.

10. மாற்றங்கள்

இதுவரை சொன்ன வேலைகளோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே மாற்றங்களைத் தொடுங்கள். பழைய பழுதும் புது மாற்றமும் ஒரே நாளில் சேர்ந்தால் எது எதனால் என்று தெரியாது.

முதல் மாற்றம் பிரேக்கை இரண்டு பாதையாகப் பிரிப்பது. முன் ஆக்சிலுக்கு ஒன்று, பின் ஆக்சில்களுக்கு ஒன்று. வெறுமனே இரட்டை மாஸ்டர் சிலிண்டர் மாட்டினால் வேலை முடியாது, ஏனென்றால் ஓர் ஏர்பேக் ஒரு பாதைக்குத்தான் விசை கொடுக்கும். இரண்டு ஏர்பேக் வைக்க வேண்டும், அல்லது பூஸ்டர் முறையையே மாற்ற வேண்டும். பெயிண்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குக் கொடுங்கள்.

அடுத்தது பவர் ஸ்டீயரிங். டயருக்கு முன்னால் இது வர வேண்டும். வண்டியோடு வரும் 9.00-20 அளவு டயரிலேயே ஸ்டீயரிங் கனம், அகலமான டயரில் நின்ற இடத்தில் திருப்பவே முடியாது.

பெரிய டயர் மூன்றாவது. பத்துச் சக்கரத்துக்குப் பதில் ஆறு பெரிய ஒற்றைச் சக்கரம் மாட்டுவது பிரபலம். முன்னும் பின்னும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பழைய ஸ்ப்ராக் வகை டிரான்ஸ்ஃபர் கேஸ், பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால் முன் ஆக்சிலைத் தானாக இணைக்கும். அளவு மாறினால் அது சாலையிலும் இணைந்தே இருந்து தேயும். டயரின் விட்டம் கூடக் கூட அதே டிரம் அதே வண்டியை நிறுத்த அதிகம் பாடுபட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பம்பில் டீசல் அளவைக் கூட்டிச் சக்தி எடுப்பது நான்காவது. டர்போவுக்கு முன்னால் பைரோமீட்டர் (புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர்) பொருத்திய பிறகே திருகைத் தொடுங்கள். 1200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகவிடாமல் ஓட்டுவது பலரின் வழக்கம், நானும் அப்படித்தான். பம்பில் எரிபொருளின் அடர்த்திக்கேற்ப அளவை மாற்றும் காம்பன்சேட்டர் ஒழுகினால் பலர் அதைத் தாண்டிக் குழாய் போட்டுவிடுவார்கள். டீசல் மட்டும் ஊற்றுபவருக்கு அது பரவாயில்லை, ஆனால் அதன்பின் அளவு மாறியிருக்கும், பைரோமீட்டரை மறுபடி பாருங்கள்.

ஒரு பின் ஆக்சிலையே எடுத்து, சேசிஸை வெட்டிக் குட்டையாக்குவதைக் கடைசியில் வையுங்கள். சேசிஸ் வெல்டிங்கில் அனுபவம் இல்லையென்றால் கூலிக்குக் கொடுங்கள். ஆறு பிரேக் நான்காகிறது, பின்பக்க எடை குறைகிறது. ஈரச் சாலையில் பின்சக்கரம் சுலபமாகப் பூட்டிக்கொண்டு வழுக்கும். வெட்டி முடித்த அன்று காலி மைதானத்துக்குக் கொண்டுபோய், மணிக்கு 20 கி.மீ.யில் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டி, நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே சாலைக்கு ஏற்றுங்கள். திரும்பி வந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், வெளிநட்டைத் தளர்த்தி உள்நட்டிலிருந்து தொடங்கி.